ஓவர்ஃப்ளோவைக் கசிவு என்று சொல்ல வேண்டாம், மறுகால் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் பழுதுகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் நிறைந்து வழிவதற்கும், அதாவது ஓவர்ஃப்ளோவுக்கும், 'எரிபொருள் கசிவு' என்றே வைத்துவிடலாம் என்று பலரும் ஒத்துப்போயிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு சொல்லால் நான் இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

அப்பா ஓட்டிய 100 சிசி வண்டி, 1990களில் வாங்கியது. குமரி மாவட்டம் தக்கலையில் வீட்டு முற்றத்தில் நிறுத்தினால், காலையில் என்ஜினுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், பெட்ரோல் வாடை. பட்டறைக்குக் கொண்டுபோய் "கார்புரேட்டர் கசியுது" என்றேன். கசிவு என்றால் இடுக்கு வழியாக வருவது. அவர்களும் இடுக்கைத்தான் தேடினார்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் சேரும் கிண்ணத்தின் கேஸ்கெட்டை, அதாவது இடுக்கை அடைக்கும் பட்டையை, மாற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடி ஈரம். பெட்ரோல் குழாயை மாற்றினார்கள், அப்போதும் அதே. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன நோய்க்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. "டேப்ப அடச்சா நிக்குதா மக்கா?" என்று மட்டும் கேட்டார். டாங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து அடைக்கும் டேப்பைச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. வண்டியை வெளியே வெயிலில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் ஒரு அட்டையை வைத்து, டேப்பைத் திறந்தார். கிண்ணத்துக்குக் கீழே தொங்கும் சிறு குழாயிலிருந்து சொட்டு விழுந்தது. அட்டையில் ஒவ்வொரு சொட்டும் வட்டமாகப் படர்ந்து ஓரம் காய்ந்தது. டேப்பை அடைத்தார். இன்னும் இரண்டு சொட்டு, அவ்வளவுதான், நின்றுவிட்டது. "இது ஒழுக்கு இல்ல. நெறஞ்சு வழியுது."

கார்புரேட்டர் கிண்ணம் ஒரு சின்னக் குளம். டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் சேரும். மட்டம் ஏற ஏற உள்ளே இருக்கும் மிதவை எழும்பி, ஓர் ஊசியை வரத்துத் துவாரத்தில் தள்ளி அடைக்கும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். அப்போது கிண்ணத்துக்குள் நிற்கும் குழாயின் வாயைத் தாண்டிப் பெட்ரோல் அதற்குள் விழுந்து தரைக்கு வரும். கிண்ணத்தில் ஓட்டை இல்லை, கேஸ்கெட்டிலும் குறையில்லை. பழுது மேலே, ஊசியில். என் வண்டியின் ஊசியை அவர் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ரப்பர் முனையைச் சுற்றி நகத்தால் கீறியதுபோல ஒரு வளையம் பதிந்திருந்தது. சில வண்டிகளில் ஊசி நன்றாகவே இருக்கும், டாங்கின் துருவில் ஒரு துகள் நடுவில் சிக்கியிருக்கும். உப்புக்காற்று அடிக்கும் குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கத்து வண்டிகளில் டாங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குளம் நிறைந்து மிகுதி நீர் வெளியேறுவதை நாங்கள் 'மறுகால் பாயுது' என்போம். கால் என்றால் வாய்க்கால். மிகுந்த நீருக்கென்று விட்ட மற்றொரு கால், மறுகால். ஆகவே ஓவர்ஃப்ளோவுக்கு 'மறுகால்', அந்தக் குழாய்க்கு 'மறுகால் குழாய்' என்று முன்மொழிகிறேன்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. கசிவு என்று கேட்டதும் கை அடைக்கத்தான் போகும். அந்தக் குழாயின் முனையில் திருகு செருகி அடைத்து வைத்திருந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன். வெளியே போக வழியில்லாத பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் மட்டம் கூடியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் மணக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் என்ஜின் தேய்ந்துபோகும். மறுகாலை அடைத்தால் கரை உடையும் என்பதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தை வடிக்கும் ட்ரெயின் திருகுக்கும் ஓவர்ஃப்ளோவுக்கும் வெளியேறும் குழாய் ஒன்றுதான். திருகு தளர்ந்தாலும் அதே இடத்தில்தான் சொட்டும். பிரித்தறிவது எப்படி? டேப்பை அடைத்ததும் நின்றால் மறுகால். அடைத்த பிறகும் கிண்ணம் காலியாகும்வரை சொட்டினால் திருகு. குளத்திலும் நீர் தாழ்ந்தால் மறுகால் நின்றுவிடும், மடை திறந்திருந்தால் குளமே வற்றும். அதனால் ட்ரெயின் திருகை 'மடைத் திருகு' என்று வைத்தால் சோதனையும் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

வட மாவட்டத்து நண்பர் ஒருவர், எங்கள் பக்கம் 'ஏரி கோடி போகுது' என்போம், மறுகால் புரியாது என்று எழுதியிருந்தார். நியாயமான தடை. ஆனால் 'கோடி' என்றதும் எண்ணும் துணியும் முனையும் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். மறுகாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'மிகைவழிவு' என்பதும் தவறில்லை, ஆனால் பட்டறையில் அதை யார் வாயில் கேட்க முடியும்?

கசிவு என்ற சொல்லையே தள்ளிவிடச் சொல்லவில்லை. வெடித்த ரப்பர் குழாய், இறுகிப்போன ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், டேப்பின் அடி வாஷர், இவற்றில் வருவது கசிவுதான். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் அதை எண்ணிச் செய்ததல்ல. அங்கே தேடும் முறையும் வேறு. ஓட்டு வீட்டில் அடுக்களையில் சொட்டும், உடைந்த ஓடு இரண்டு வரிசை மேலே இருக்கும். பெட்ரோலும் அப்படித்தான், உருண்டு வந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். நன்றாகத் துடைத்துவிட்டு மேலிருந்து கீழே பார்த்து வர வேண்டும்.

மிதவை தள்ளும் ஊசியை 'மிதவை ஊசி' என்பது பற்றியும் ஒரு சொல். கார்புரேட்டரில் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி ஒன்று வேறு இருக்கிறது. அது பெட்ரோலை அளந்து விடுவது, 'அளவூசி' எனலாம். மிதவை தள்ளுவது 'அடைப்பூசி'. அந்த ஊசி வந்து அமரும் சீட்டுக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. 'ஊசிக்குழி' என்று ஒருவர் சொன்னார். அது குழியல்ல, வட்ட விளிம்பு. குலசேகரம், கருங்கல் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், பையன்களிடம் அதை என்ன சொல்லிக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள்.