புதுப்பிப்பு: இரு காலத் தொழிலாளர் கணக்கெடுப்புகளை இணைப்பது பற்றி

தொழில்சார் சமூகவியல் ஆய்வேட்டுக்குக் கணக்கெடுப்புத் தரவைப் பயன்படுத்துவது பற்றிய முந்தைய இழையில், பழைய தரவையும் புதியதையும் ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒப்பிடலாம், ஆனால் கவனமாக.

ஐஎஸ்சிஓ (ISCO) என்பது தொழில்களுக்கு எண் குறியீடு தரும் சர்வதேச வகைப்பாடு. பழைய தரவு பெரும்பாலும் அதன் ஐஎஸ்சிஓ-88 பதிப்பில் இருக்கும், புதியது ஐஎஸ்சிஓ-08 பதிப்பில். முன்னதில் 390 அடிப்படைத் தொழிற்பிரிவுகள், பின்னதில் 436. பல பிரிவுகள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. 88-இல் 5122 என்ற ஒரே குறியீட்டில் இருந்த சமையல்காரர்கள், 08-இல் 5120 என்றும் 'செஃப்' 3434 என்றும் பிரிகிறார்கள். பழைய குறியீட்டுக்கு நிகரான புதிய குறியீட்டைக் காட்டும் இணைப்பு அட்டவணையை அப்படியே ஓட்டினால், தரவில் ஒரே ஆள் இரண்டு வரிசையாகிவிடுவார். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுங்கள். குறியீட்டை முதல் ஈரிலக்கத்துக்குச் சுருக்குவது பொதுவாக உதவும். இங்கே உதவாது, 51 வேறு, 34 வேறு. ஒரே தரவு இரு முறையிலும் குறியிடப்பட்டிருந்தால் அதன் விகிதப்படி ஒவ்வொரு ஆளின் கணக்கெடுப்பு எடையையும் இரு குறியீடுகளுக்கும் பிரிக்கலாம். இல்லையென்றால் எல்லாரையும் 5120-இல் வைத்து ஒருமுறை, 3434-இல் வைத்து ஒருமுறை கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று காட்டுங்கள்.

குறியீட்டை எண்ணாக அல்ல, உரையாக இறக்குங்கள். ராணுவத்தின் 0110 எக்செலில் 110 ஆகிவிடும். (சலிப்பான வேலைதான்!)

இதைவிடப் பெரிய பள்ளம் 2013-இல் வந்த வரையறை மாற்றம். சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, முக்கியமாகச் சொந்த வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவோரை 'வேலையில் இருப்போர்' கணக்கிலிருந்து விலக்கியது. விவசாயம் மிகுந்த நாடுகளில், களத்தில் எதுவும் மாறாமலே வேலைவாய்ப்பு விகிதம் சரியும். விளைச்சல் விற்பனைக்கா, வீட்டுக்கா என்ற கேள்வி வினாத்தாளில் எந்த ஆண்டு நுழைந்தது என்று முதலில் பாருங்கள்.