புதுப்பிப்பு: கத்திப் பிடி ஆணிக்குக் குழி உளி செய்தேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 3 மி.மீ. பித்தளை ஆணியைச் சுத்தியலால் அடித்தால் தலை கோணுகிறது, புளியமரப் பிடியும் வெடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. குழி உளி (முனையில் சின்னக் குழி உள்ள இரும்புக் கோல், ஆணித் தலையை உருட்டையாக்கும்) செய்யச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. செய்துவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் பழைய இரும்புக் கடையில் பைக் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் ஒன்று கிடைத்தது. நிமிர்த்தி, ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினேன். முனையைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சைக்கிள் பேரிங் குண்டை வைத்து ஒரே அடி. குழி ஆழமாகக் கூடாது. ஆணியைவிடக் கொஞ்சம் அகலமாக, மேலோட்டமாக இருந்தால்தான் தலை அழகாக உருளும். முனை கெட்டிப்பட, மறுபடி காய்ச்சிக் காந்தம் ஒட்டாத சூட்டில் எண்ணெயில் முக்கி, அப்புறம் நொறுங்காமல் இருக்க வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டினேன். குழியை வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டால் (இன்ஜின் வால்வு தேய்க்கும் பொடிப் பசை) தேய்த்தது முக்கியம். உள்ளே என்ன கீறல் இருக்கிறதோ, அதுதான் ஆணித் தலையிலும் விழும்.

ஆணி அடிக்கும்போது ஒரு உளி வைஸில் அடியில், இன்னொன்று மேலே. கீழ்த்தலை நசுங்குவதே இல்லை.

வெடிப்புக்குக் காரணம் வேறு. ஆணியை அதிகம் நீட்டிவிட்டு ஓங்கி அடித்ததால் உள்ளேயே பருத்திருக்கிறது. இப்போது பக்கத்துக்கு 1.5 மி.மீ. மட்டும் விடுகிறேன், துளை வாயைச் சற்றே அகட்டுகிறேன். பித்தளையை மங்கிய சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடுகிறது, சின்னச் சுத்தியலே போதும்.

நான்கு பிடி முடித்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்து 5 மி.மீ. ஆணிக்கு ஒரு ஜோடி செய்யப் போகிறேன்.