கோட்ஃப்ரீட் ரைஷெ: வால்வு இல்லாத டிரம்பெட்டில் எப்படி வாசித்தார்?

கேள்வி

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் (தனி வாத்தியங்களும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வரும் டிரம்பெட் பகுதி, லைப்சிக் நகரத்து வித்வான் கோட்ஃப்ரீட் ரைஷெக்காகவே எழுதப்பட்டது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அக்காலத்து டிரம்பெட்டில் வால்வுகளே (விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் அடைப்பான்கள்) கிடையாது எனும்போது, இவ்வளவு நெருக்கமான சுரங்களை உதட்டால் மட்டும் எப்படி எழுப்பினார்கள்? ரைஷெ இயற்றிய இசை ஏதாவது இன்று கிடைக்கிறதா? பாக்கின் கச்சேரியில் ஊதியதாலேயே அவர் இறந்துபோனார் என்ற கதை உண்மையா?

முதல் பதில்

முதலில் நண்பரின் கூற்றைத் திருத்திவிடலாம். அந்தக் கான்செர்ட்டோ 1721-இல் பிராண்டன்பர்க் இளவரசருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பாக் லைப்சிக்குக் குடிபெயர்ந்ததோ 1723-இல்தான். ரைஷெயின் வாசிப்பைத் தேட வேண்டிய இடம், அதற்குப் பின் லைப்சிக்கில் பாக் எழுதிய கான்டாட்டாக்கள் (குரலுக்கும் வாத்தியங்களுக்குமான படைப்புகள்).

கருவியைப் பொறுத்தவரை, அது ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள, துளையே இல்லாத பித்தளைக் குழாய். அதில் சீரிசைகள் (ஒரே குழாயில் உதட்டை மாற்றுவதால் மட்டும் எழும், கீழிருந்து மேலாக எண்ணப்படும் இயற்கைச் சுரங்கள்) மட்டுமே ஒலிக்கும். கீழ்ப் பகுதியில் ச, ப, ச, க, ப என்று அவை தள்ளித் தள்ளி நிற்பதால் அங்கே போர்முழக்கம்தான் சாத்தியம். 8-ஆவது சீரிசைக்கு மேலே போனால் சுரங்கள் அடுத்தடுத்து நெருங்கி வந்து, ச ரி க என்று வரிசையாகவே கிடைக்கின்றன. 'கிளாரினோ' என்று அழைக்கப்பட்ட அந்த உச்சப் பகுதியில் வாசிப்பதுதான் ரைஷெயின் வித்தை. சிக்கல் மத்திமத்தில் வருகிறது: 11-ஆவது சீரிசை சுத்த மத்திமமாகவும் இல்லாமல், பிரதி மத்திமமாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் விழும். வாசிப்பவர் அதை ஒவ்வொரு முறையும் உதட்டால் கீழே இறக்கியோ மேலே ஏற்றியோ சேர்க்க வேண்டும். 13-ஆவது சீரிசையான தைவதத்துக்கும் இதே கதிதான். இன்று பழைய பாணியில் வாசிப்பவர்களில் பலர் குழாயில் சிறு துளைகள் போட்டுச் சுருதியைச் சரிசெய்துகொள்கிறார்கள். அது 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு. அதையும் 'இயற்கை டிரம்பெட்' என்றே அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாம் பதில்

அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சில செய்திகள். 1667-இல் வைசன்ஃபெல்ஸில் பிறந்து, 1688-இல் லைப்சிக்கு வந்த ரைஷெ, நகர மன்றத்திடம் ஊதியம் பெறும் இசைக்கலைஞர்களின் வரிசையில் படிப்படியாக உயர்ந்து, 1719-இல் அவர்களுள் மூத்தவரானார். தேவாலய இசையோடு, நகர மண்டபக் கோபுரத்தின் மேல் நின்று ஊதுவதும் அவர்கள் கடமை.

அந்தக் கோபுர இசைக்கென்றே 1696-இல் அவர் 24 நாற்பகுதி உருப்படிகளை அச்சிட்டார். வேடிக்கை என்னவென்றால், டிரம்பெட் வித்வான் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் டிரம்பெட்டுக்கு இடமே இல்லை: விரல்துளைகள் கொண்ட, மரத்தாலான கார்னெட் ஒன்றும் டிராம்போன்கள் மூன்றும்தான். டிரம்பெட்டுக்காக நமக்கு எஞ்சியிருப்பது ஓர் ஓவியத்தில் இருக்கிறது. பின்னாளில் பாக்கையும் வரைந்த ஹவுஸ்மான், ரைஷெயை ஒரு கையில் வட்டமாகச் சுருட்டிய டிரம்பெட்டோடும், மறுகையில் இசைத்தாளோடும் தீட்டியிருக்கிறார். தாளில் உள்ள சுரங்கள் படிக்குமளவுக்குத் தெளிவாக இருப்பதால், 'அப்பிளாசன்' என்ற பெயரில் அந்தச் சிறு முழக்கம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அது அவருடைய சொந்த ஆக்கம் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிராண்டன்பர்க் பற்றிய என் தவறான எண்ணம் நீங்கியது. மரணத்தைப் பற்றிய கதை மட்டும் விடுபட்டுவிட்டது.

மூன்றாம் பதில்

கதையில் உண்மை உண்டு, ஆனால் அவர் மேடையில் சாயவில்லை. லைப்சிக் அடங்கிய சாக்சனியின் ஆட்சியாளர் மூன்றாம் அகஸ்டஸ் போலந்தின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டு நிறைவுக்காக, 1734 அக்டோபர் 5 அன்று இரவு லைப்சிக் சந்தைச் சதுக்கத்தில், மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி நிற்க, பாக்கின் கான்டாட்டா ஒன்று அரங்கேறியது. மறுநாள் வீட்டுக்கு அருகே தெருவில் விழுந்த ரைஷெ உயிர்நீத்தார். முந்தைய இரவு ஊதிய களைப்பும் பந்தங்களின் புகையும் சேர்ந்தே அவரை வீழ்த்தின என்று அக்கால நகரக் குறிப்பு கூறுகிறது. 67 வயதுக்காரர் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற சமயக் கதை இசைப்படைப்பின் முதல் பகுதி ஒலித்தது. டிரம்பெட் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் படைப்பு அது. அதன் டிரம்பெட் பகுதியை வாசித்தவர் ரைஷெ அல்லர்.