செலரான் 300ஏ: 450-ல் மட்டும் மெம்டெஸ்டில் சிவப்பு வரி

பரண்பெட்டி (கிருஷ்ணகிரி):
அண்ணன் நடத்திய டிடிபி சென்டரின் பழைய மெஷின் பரணில் கிடந்தது, போன மாதம் இறக்கினேன். உள்ளே இருக்கும் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் "கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்" என்றுதான் இருக்கிறது, 2004-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய சமாச்சாரம். சிபியு இன்டெல் செலரான் 300ஏ (300 மெகாஹெர்ட்ஸ்), இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு, 64 எம்பி ராம் குச்சி இரண்டு. பஸ் (சிபியுவும் ராமும் தாளம் பிடிக்கிற அடிப்படை வேகம்) 66 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் விடிய விடிய ஓடினாலும் பிரச்சினை இல்லை. 100 ஆக்கி 450 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் விண்டோஸ் 98 வருகிறது, கொஞ்ச நேரத்தில் நீலத்திரை, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டால் பத்தே நிமிடத்தில் பிழை காட்டும் சிவப்பு வரிகள். வோல்டேஜை 2.0-லிருந்து 2.2 வரை ஏற்றியும் பார்த்தாச்சு. சிபியு போய்விட்டதா?

மாந்தோப்பு:
100 எதற்கு, 83-ல் வைத்து ஓட்டுங்க. அப்புறம் ராமின் தங்கக் காலை பென்சில் ரப்பரால் தேய்த்துப் போடுங்க, எனக்குப் பாதி கோளாறு அதிலேயே போய்விடும்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
ரப்பர் சரி, 83 வேண்டாங்க. அந்த வேகத்தில் ஹார்டு டிஸ்க், கார்டு எல்லாம் பேசுகிற பிசிஐ பஸ் பாதியாகப் பிரிந்து 41.5-ல் ஓடும், இருக்க வேண்டியது 33. ஹார்டு டிஸ்கில் எழுதுவதே கெட்டுப்போகும், அண்ணனின் பத்திரிகை எல்லாம் அதோடு போச்சு. 100-ல் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து 33-க்கே வந்துவிடும், டிஸ்ப்ளே கார்டுக்கான ஏஜிபி மட்டும் பஸ்ஸில் 2/3-ல் இருக்கிறதா என்று ஜம்பரைப் பாருங்கள்.

சிபியு மேல் இப்போதே பழி போடாதீர்கள். 300ஏ-வில் பஸ் வேகத்தைப் பெருக்கும் 4.5 மல்டிப்ளையர் பூட்டியது, பஸ்ஸை ஏற்றினால்தான் வேகம் ஏறும், பிஎக்ஸில் பஸ் ஓடுகிற வேகத்தில்தான் ராமும் ஓடும். அதாவது ஒரு சுற்றுக்கு 15 நானோசெகண்ட் கிடைத்த ராமுக்கு இப்போது 10தான், நீங்கள் ஏற்றிய வோல்டேஜ் சிபியுவுக்குப் போகிறதே தவிர ராமுக்கு இல்லை, அதனால் 2.0-க்கே இறக்கிவிடுங்கள். இரண்டில் ஒன்று 66-க்கு மட்டும் செய்த பிசி66 ராமாக இருக்கலாம், அந்தக் காலத்தில் கையில் கிடைத்ததைச் செருகித்தான் கொடுப்பார்கள். ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டு, ஒரே ஸ்லாட்டில், முழு சுற்று ஓடவிடுங்கள். பிழை ஒரு குச்சியோடு மட்டும் வந்தால் அதுதான் குற்றவாளி. இரண்டிலும் தனித்தனியாக வந்தால் சிபியுவுக்குள் இருக்கும் 128 கேபி கேஷைச் (எல்2 என்கிற சின்ன வேக நினைவகம்) சந்தேகப்படலாம், அதுவும் 450-லேயே ஓடுகிறது, பயாஸ் செட்டிங்கில் எல்2-வை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும்.

பரண்பெட்டி:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான். ஒரு குச்சியில் ஸ்டிக்கரே இல்லை, அதைப் போட்டால் எந்த ஸ்லாட்டிலும் பிழை. சிஏஎஸ் (ராம் பதில் தர எடுக்கும் சுற்றுகள்) 2-ஐ 3 ஆக்கினேன், காலையில் சுத்தமாக ஓடியது, மதியம் வெயில் ஏறினதும் மறுபடி சிவப்பு. இன்னொன்று 2-லேயே மூன்று சுற்று ஓடிவிட்டது. இப்போதைக்கு 64 எம்பியில் 450, வோல்டேஜ் பழையபடி 2.0. பெரிய ராமாக 256 ஒன்று தேடலாமா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
தேடுங்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருக்கிற 256 வேண்டாம், பிஎக்ஸ் அதைப் பாதியாகக் காட்டும், இல்லை என்றால் எடுக்கவே எடுக்காது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகைகளை வேறு டிஸ்குக்கு எடுத்து வைத்துவிடுங்கள் தம்பி.