சபையை விட்டு விலகியதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, பிறகு அங்கேயே பாடமும் எடுத்தவள் நான். எட்டு மாதமாக ஆராதனைக்குப் போகவில்லை.

பைபிளில் மாற்கு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், 4-ஆம் நூற்றாண்டின் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை என்று படித்ததில் தொடங்கியது. பிள்ளைகளுக்கு நான் மனப்பாடம் செய்ய வைத்த "நீங்கள் உலகமெங்கும் போய்" என்ற வசனம் அந்தப் பகுதியில்தான் வருகிறது. போதகரிடம் கேட்டேன். "சந்தேகம் பிசாசின் வேலை" என்று ஜெபித்து அனுப்பிவிட்டார். உண்மையில் அந்தப் பதில்தான் என்னை வெளியே தள்ளியது.

கடவுளே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவில் இன்னும் தானாக ஜெபம் வருகிறது, கூடவே நரக பயமும். ஆறுதல் வார்த்தை ஏதுமின்றி முடியும் பைபிளின் 88-ஆம் சங்கீதம்தான் இப்போது எனக்குத் துணை.

அம்மாவிடம் வேலையைச் சாக்குச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் பொய் தொண்டையில் நிற்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: பெற்றோரிடம் எப்போது, என்ன வார்த்தையில் சொன்னீர்கள்? அந்தப் பயம் எப்படிக் குறைந்தது? சபைக்குத் திரும்பியவர்களும் எழுதுங்கள். வாதம் மட்டும் இப்போது வேண்டாம்.