ஹெரால்டுக்கு எல்லாத்தையும் எவர்சில்வர்ல போடலாமா?

திருவான்மியூர்_ஹெரால்டு:
வணக்கம். அப்பாவோட 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி, 948 சிசி. அப்பா போனதுக்கப்புறம் ஆறு வருஷம் கடலுக்கு நாலு தெரு தள்ளி ஷெட்ல நின்னுது. பாடியை சேஸிஸ்லேர்ந்து தூக்கவே ரெண்டு வாரம் ஆச்சு. பாதி போல்ட் தலை உருண்டுடுச்சு, மீதி முறிஞ்சுது. வலது பக்க அவுட்ரிக்கர்ல (சேஸிஸ்லேர்ந்து பக்கவாட்டுல நீட்டி பாடியைத் தாங்கற கை) ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினா போல்ட்டோட தகடே பேந்து வந்துடுச்சு.

இன்னொரு தடவை இந்த வண்டியை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பாடி போல்ட், சைலன்சர், பிரேக் பைப், சஸ்பென்ஷன் போல்ட் எல்லாமே எஸ்எஸ்ல, அதான் எவர்சில்வர்ல, போட்டுடலாம்னு ஆசை. ஒரு கடையில 40 போல்ட் வாங்கினேன். "304 ரக எஸ்எஸ்தான் சார், காந்தம் ஒட்டாது பாருங்க"ன்னு காட்டினாங்க. மூணே மாசம், பால்கனியில இருந்ததுல செம்மண் கலர்ல புள்ளி. எவர்சில்வர் துருப்பிடிக்குமா?

கோவை_லேத்:
தம்பி, காந்தம் ஒட்டலைங்கிறதை மட்டும் நம்பி வாங்காதீங்க. 202ங்கற மலிவு ரகமும் ஒட்டாதுங்க. 304ல நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202ல அதைக் குறைச்சுட்டு மாங்கனீசு சேர்த்திருப்பாங்க, அதான் விலை கம்மி. உப்புக் காத்துக்கு அது தாங்காது. உங்க தெருவுல 304 மேலயே டீக்கறை மாதிரி படியும். வெளியே தெரியற இடத்துக்கு 316 போடுங்க, அதுல 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்குது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பேட்டரி வெச்சா 202 நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துடும்.

இனி முக்கியமானது. சஸ்பென்ஷன், ஸ்டீரிங், சீட் பெல்ட், இந்த மூணுக்கும் எஸ்எஸ் வேண்டவே வேண்டாம். தலையில ஏ2-70னு போட்ட எஸ்எஸ் போல்ட் 450 மெகாபாஸ்கல் இழுவிசையிலயே நீள ஆரம்பிச்சுடும். 8.8னு போட்ட சாதா எஃகு போல்ட் 640 வரைக்கும் நிக்கும். விஷ்போன்ல, அதாவது சக்கரத்தைத் தாங்கற சஸ்பென்ஷன் கையில, நீண்டுபோன போல்ட்டோட வளைவுல திரும்பறதை நினைச்சுப் பாருங்க. உங்க வண்டியில மில்லிமீட்டர் மரையும் கிடையாது, யூஎன்எஃப்ங்கற இன்ச் மரை. 5/16 போல்ட்னா இன்ச்சுக்கு 24 மரை. அதுல எம்8 (8 மில்லிமீட்டர்) நட்டைப் போட்டா மரை போயிடும். அந்த இடத்துக்கெல்லாம் யூஎன்எஃப் கிரேடு 5 கேளுங்க, தலையில மூணு கோடு இருக்கும்.

இன்னொண்ணு நான் பட்டு அனுபவிச்சது. என் பத்மினி பம்பர் பிராக்கெட்டுக்கு எஸ்எஸ் போல்ட், எஸ்எஸ் நட்டு, ஏர் கன் வெச்சு இறுக்கினேன். மூணு சுத்து வெண்ணெய் மாதிரி போச்சு. நாலாவதுல ஒரு கிறீச், அவ்வளவுதான். முன்னாலயும் வரலை, பின்னாலயும் போகலை. கிரைண்டர்ல அறுத்துப் பார்த்தா நட்டும் போல்ட்டும் ஒரே உலோகமாயிடுச்சு. மேல இருக்கிற மெல்லிசான குரோமியம் படலம் உரசி உரிஞ்சுட்டா உள்ள ரெண்டும் ஒட்டிக்குமுங்க. மரையில ஆன்ட்டிசீஸ் (ஒட்டிக்காம இருக்கத் தடவற பசை) தடவி, கை ஸ்பேனர்ல மெதுவா இறுக்குங்க. ஏர் கன்னைத் தொடவே தொடாதீங்க.

ஆர்கன்_அம்பத்தூர்:
சைலன்சருக்கு 304 தாராளமா போடலாம் சார். 409ம் உண்டு, அதுல குரோமியம் 11 சதவீதம்தான். காந்தம் ஒட்டும், மேல லேசா துரு வரும், ஆனா ஓட்டை விழ வருஷங்கள் ஆகும். டிக் வெல்டிங் (ஆர்கன் வாயு விட்டுப் பண்ற வெல்டிங்) பண்றப்போ பைப்புக்கு உள்ளேயும் ஆர்கன் விடச் சொல்லுங்க. விடலைன்னா உள்பக்கம் சர்க்கரை கருகினாப்ல பொரிஞ்சு நிக்கும், அங்கேருந்துதான் விரிசல். பைப் முனையில வர்ற இரும்பு ஃபிளேஞ்சோட (போல்ட் போடற தட்டு) ஒட்ட 309எல் வெல்டிங் ராடு. இரும்பைத் தேய்ச்ச பிரஷ்ஷை எஸ்எஸ் மேல படவிடாதீங்க, அந்த இரும்புத் தூளே துருவா கிளம்பும்.

சூட்டுல 304 ரொம்ப நீளும். 2 மீட்டர் பைப் 300 டிகிரி ஏறினா 10 மில்லிமீட்டர், சாதா இரும்பு 7 மில்லிமீட்டர்தான். அதனால ரப்பர் ஹேங்கர்ல தொங்கணும், இறுக்கிக் கட்டக்கூடாது. பிரேக் பைப்புக்கு செம்பு-நிக்கல் வாங்குங்க. எஸ்எஸ் பைப்புல ஃபிளேர் (விரிச்சு விட்ட பைப் முனை) சரியா உட்கார வைக்கறது பாடு, கசிஞ்சா உயிர் சமாச்சாரம்.

பழைய_வண்டி_பிரியன்:
டெலோரியன் வண்டிக்கு வெளிப் பலகை முழுக்க 304. கீழே சேஸிஸ் சாதா எஃகு, மேல எபாக்சி பூச்சு. பூச்சு விட்ட இடத்துல அது துருப்பிடிக்குது. உங்க காசை முதல்ல அவுட்ரிக்கர்ல போடுங்க அண்ணா. தகடு வெட்டிப் புதுசா வெச்சு, அதோட பெட்டி மாதிரி உள்கூட்டுக்குள்ள மெழுகு அடிச்சு, தண்ணி வடியற துளை அடைக்காம பார்த்துக்கோங்க.

திருவான்மியூர்_ஹெரால்டு:
எல்லாருக்கும் நன்றி. லேத் அண்ணா, சொட்டு விட்டுப் பார்த்தேன், நாப்பதும் 202. சஸ்பென்ஷன்ல எஸ்எஸ் எண்ணத்தை விட்டாச்சு. அவுட்ரிக்கர் ரெண்டையும் வெட்டியாச்சு, திங்கட்கிழமை புதுத் தகடு ஏறுது. ஷெட் அலமாரியில அப்பா ஹார்லிக்ஸ் பாட்டில்ல எண்ணெய் ஊத்தி வெச்சிருந்த பழைய போல்ட் கிடைச்சுது. ஒரு இன்ச்சுக்கு நகத்தால எண்ணிப் பார்த்தேன், 24 மரை. அதைத்தான் நாளைக்கு மாதிரிக்கு எடுத்துட்டுப் புதுப்பேட்டை போறேன்.