'பணப்பயிர்' போதாது: 'திணிப்புப் பயிர்', 'கிஸ்திப் பயிர்'

> பணப்பயிர் என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்கு நான் சொல்லும் புதுச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. 'பணப்பயிர்' நல்ல சொல்தான். அதை ஆங்கிலேயர் ஆட்சியில் பீகாரின் சம்பாரணில் விளைந்த அவுரிக்கும் (நீலச்சாயம் எடுக்கும் செடி) போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தை ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவர். விலை படியாவிட்டால் மூட்டை கட்டி அடுத்த ஆண்டுவரை வைத்திருப்பார். அது பணப்பயிர்.

சம்பாரணில் நில அளவு ஒரு பிகாவுக்கு இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் அவுரி விதைத்தே தீர வேண்டும். 'தீன்கட்டியா' என்று பெயர். எந்த மூன்று கட்டா என்பதும் உழவன் கையில் இல்லை. அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஆள் நல்ல மண்ணாகப் பார்த்துக் காட்டுவான். 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரி விலை விழுந்தது. அப்போதும் விடவில்லை: அவுரியிலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லிக் குத்தகையை உயர்த்தினார்கள். 1917இல் காந்தி போய் விசாரித்த பிறகு, 1918இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். இதில் உழவன் கண்ட பணம் எங்கே?

'கட்டாயப் பயிர்' என்றார் ஒருவர். மழை பொய்த்தால்கூட ஒரு கட்டாயம் உண்டாகும், அதற்கு ஆள் வேண்டாம். திணிப்பு என்றால் திணித்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். அதனால் 'திணிப்புப் பயிர்'.

> தக்காணத்துப் பருத்தியை யாரும் திணிக்கவில்லையே? விலை ஏறியதால் அவர்களாகவே போட்டார்கள்.

சரியான மறுப்பு. இரண்டு நாள் யோசித்தேன். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அங்கிருந்து பருத்தி வருவது தடைபட்டதும் இங்கே பருத்தி விலை ஏறியது, கடனும் தாராளமாகக் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது; விலை சரிந்தது, கடன் நின்றது. நிலவரி மட்டும் இறங்கவில்லை, மறுநிர்ணயத்தில் ஏறியது. அதையும் தவணை தவறாமல் ரொக்கமாகக் கட்ட வேண்டும். 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சூபாவில் உழவர்கள் வட்டிக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் தேடி எடுத்து எரித்தார்கள்.

வரி கட்டவே விளைவித்து, அறுத்த கையோடு கிடைத்த விலைக்குத் தள்ளிய பயிருக்குக் 'கிஸ்திப் பயிர்' என்று வைக்கலாம். கிஸ்தி என்றால் தவணையாகக் கட்டும் நிலவரி. 'வரிப்பயிர்' வேண்டாம், வரிசையாக நடும் பயிர் என்று படிப்பவர் மயங்குவார். கிஸ்தி அரபியிலிருந்து வந்தது என்று தள்ளிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக நம் உழவர் வாயில் புழங்கிய சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டாலே தவணை நாள் நினைவுக்கு வரும்.

கூடவே ஒரு வேண்டுகோள். 'வேளாண்மை வணிகமயமாதல்' என்ற தலைப்பை 'வணிகமயமாக்கல்' என்று திருத்துங்கள். அது தானாக ஆகவில்லை.

பீகார் அபினிக்கு எதைப் போடுவது? ஏட்டில் உரிமம், உழவனின் விருப்பம். நடப்பில் முன்பணம் கொடுத்து, விலையையும் தானே குறித்து, விளைந்த அபினி முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. எனக்குத் 'திணிப்பு' என்றே படுகிறது. வேறு கருத்துள்ளவர்கள் எழுதுங்கள். அதன்பின் பட்டியலில் சேர்ப்போம்.